விமானியின் உணர்வுக்கு மதிப்பெண் வழங்குவது எப்படி?

கோயம்புத்தூரை அடுத்த சூலூர் விமானப்படைத் தளத்துக்கு 2018ஆம் ஆண்டு ஜூலை மாதம் தேஜஸ் இலகு ரகப் போர் விமானங்கள் வந்து சேர்ந்தபோது, அவற்றின் வேகம் எவ்வளவு, எத்தனை ஏவுகணைகளைச் சுமக்கும், எவ்வளவு தொலைவு செல்லும் என்பன போன்ற கேள்விகளே பொதுவெளியில் அதிகம் எழுந்தன. ஆனால் ஒரு புதிய விமானம் படையில் சேர்க்கப்படுவதற்கு முன் விடை காணப்பட வேண்டிய மற்றொரு கேள்வி இருக்கிறது. ஓட்டுகின்றவருக்கு அது எப்படிப்பட்ட விமானம் என்பதே அக்கேள்வி.

வேகத்தையும் உயரத்தையும் கருவிகள் அளந்து சொல்லிவிடும். ஓட்டுவதற்கு இணக்கமாக இருக்கிறதா, முரண்டு பிடிக்கிறதா என்பதை மனிதர் ஒருவர் ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்வதோ ஒரு கருத்து. கருத்து ஆளுக்கு ஆள் மாறும், நாளுக்கு நாள் மாறும். பல்லாயிரம் கோடி ரூபாய் செலவாகும் ஒரு திட்டத்தின் முடிவையும், பிற்காலத்தில் அதில் பறக்கப் போகின்றவர்களின் உயிரையும் இத்தகைய கருத்தின் மீது எவ்வாறு நிறுத்துவது என்பது விமானப் பொறியியலின் பழைய சிக்கல்களில் ஒன்று.

விமானியும் பொறியாளரும்

விமானங்கள் தோன்றிய முதல் இருபது முப்பது ஆண்டுகளில் இந்தக் கேள்வி ஒழுங்காக ஆராயப்படவில்லை என்றே சொல்ல வேண்டும். சோதனை விமானி தரையிறங்கியதும், விமானம் கனமாக இருக்கிறது அல்லது துள்ளுகிறது என்று ஏதாவது சொல்வார். அதைக் கேட்கும் பொறியாளருக்கு வாலின் பரப்பைக் கூட்டுவதா குறைப்பதா என்று விளங்காது. இருவரும் வெவ்வேறு மொழி பேசியவர்கள் போலவே இருந்தனர்.

1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனம் ஒரு பெரிய பயணிகள் விமானத்தை உருவாக்க முற்பட்டபோது, அதன் ஆலோசகராக இருந்த எட்வர்ட் வார்னர், விமானம் எப்படிப் பறக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்த நிபந்தனை போல முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று முனைந்தார். இதன் தொடர்ச்சியாக, நாசாவின் முன்னோடியான நாகா அமைப்பின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் பல விமானங்கள் கருவிகள் பொருத்தி ஓட்டிப் பார்க்கப்பட்டன. விமானிகளின் கருத்துகளும் கருவிகளின் பதிவுகளும் ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்டன.

இந்த ஒப்பீட்டில் எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. கட்டுப்பாட்டுத் தண்டைத் தொடாமல் விட்டால் விமானம் மிக மெதுவாக மேலேறிக் கீழிறங்கும் ஒரு நீண்ட ஊசலாட்டம் உண்டு. அதைக் கணக்கிடுவதில் கணித அறிஞர்கள் பல ஆண்டுகளைச் செலவிட்டிருந்தனர். ஆனால் விமானிகளின் விருப்பு வெறுப்புக்கும் இந்த ஊசலாட்டத்துக்கும் தொடர்பே இல்லை என்று ஆய்வு காட்டியது. தன்னையறியாமலே விமானி அதைச் சரிசெய்துகொண்டு போகிறார். அவர் கவனிப்பது வேறு விடயங்களை, குறிப்பாகத் தண்டை இழுக்க எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்பதை. இழுப்பது மிக எளிதாக இருந்தால் ஒரு பதற்றமான கணத்தில் இறக்கையையே முறித்துவிடக் கூடும். மிகக் கடினமாக இருந்தால் கை ஓய்ந்துவிடும்.

இவ்வாறு திரட்டப்பட்ட அனுபவத்தை ராபர்ட் கில்ரூத் என்ற பொறியாளர் 1943ஆம் ஆண்டு அறிக்கையாக வெளியிட்டார். பிற்காலத்தில் அமெரிக்காவின் மனித விண்வெளிப் பயணத் திட்டத்துக்குத் தலைமை தாங்கியவரும் இவரே. விமானியின் உணர்வைப் பொறியாளர் அளக்கக்கூடிய அளவுகளாக மாற்றிக் கொடுத்தது அந்த அறிக்கையின் சிறப்பு.

பத்துப் படிகள்

எனினும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த ஜெட் விமானங்கள் பழைய அளவுகளுக்கு அடங்கவில்லை. கருத்தையே நேரடியாக அளக்க வேண்டிய தேவை எழுந்தது. கலிபோர்னியாவில் உள்ள ஏம்ஸ் ஆய்வுக்கூடத்தின் சோதனை விமானி ஜார்ஜ் கூப்பர், 1957ஆம் ஆண்டு பத்துப் படிகள் கொண்ட ஓர் அளவுகோலை முன்வைத்தார். சோதனை விமானிகளின் நகைச்சுவையும் அதில் கலந்திருந்தது. மிக மோசமான பத்தாம் படிக்கு அவர் கொடுத்த அடைமொழி, அச்சில் ஏற்ற முடியாதது என்பதாகும்.

அதே காலகட்டத்தில் கார்னெல் விமான ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹார்ப்பரும் இதே சிக்கலில் ஈடுபட்டிருந்தார். இருவரும் இணைந்து 1969ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நாசா வெளியீடாகக் கொண்டுவந்த அளவுகோல், கூப்பர்-ஹார்ப்பர் அளவுகோல் என்ற பெயரில் உலகெங்கும் நிலைபெற்றது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதன் இடத்தை வேறெதுவும் பிடிக்கவில்லை. கூப்பரோ பணி ஓய்வுக்குப் பிறகு கலிபோர்னியாவில் திராட்சை பயிரிட்டு ஒயின் தயாரிப்பில் இறங்கினார்.

இந்த அளவுகோலின் சூட்சுமம் அது கேட்கும் கேள்விகளின் வரிசையில் இருக்கிறது. பத்துக்கு எத்தனை என்று விமானியிடம் எடுத்தவுடன் கேட்பதில்லை. முதலில், விமானம் கட்டுக்குள் நிற்கிறதா என்று கேட்கப்படுகிறது. இல்லை என்றால் மதிப்பெண் 10, பேச்சு அத்தோடு முடிந்தது. நிற்கிறது என்றால், தாங்கக்கூடிய உழைப்பில் பணியைப் போதுமான அளவுக்காவது செய்ய முடிகிறதா என்பது அடுத்த கேள்வி. முடியாது என்பவர் 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முடியும் என்றால், எந்த மாற்றமும் செய்யாமல் இப்படியே விட்டுவிடலாமா என்பது மூன்றாவது கேள்வி. திருத்தம் வேண்டும் என்பவருக்கு 4 முதல் 6 வரை. வேண்டாம் என்பவருக்கு 1 முதல் 3 வரை. பள்ளி மதிப்பெண்ணுக்கு நேர்மாறாக, எண் கூடக் கூட நிலைமை மோசம்.

இங்கே பணி என்ற சொல்லுக்குத் துல்லியமான பொருள் உண்டு. விமானம் பொதுவாக நன்றாக இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. எரிபொருள் நிரப்பும் விமானத்தின் பின்னால் ஒட்டிப் பறப்பது, பக்கக் காற்றில் ஓடுபாதையின் குறித்த இடத்தில் இறங்குவது என ஒவ்வொரு பணியும் தனித்தனியாக வரையறுக்கப்படுகிறது. எவ்வளவு நெருக்கமாகச் செய்தால் விரும்பத்தக்கது, எவ்வளவு விலகினாலும் போதுமானது என்ற எல்லைகளும் பறப்பதற்கு முன்பே எழுதப்படுகின்றன. ஒரே விமானம் நேராகப் பறக்கையில் 2 வாங்கி, எரிபொருள் நிரப்புகையில் 7 வாங்கக்கூடும்.

மற்றொரு முக்கியக் கருத்து, விமானி ஈடுகட்டும் உழைப்பு. நம்மூர்ப் பேருந்து ஒன்றின் ஸ்டீயரிங் தளர்ந்து போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அனுபவம் மிக்க ஓட்டுநர் அதை இடைவிடாமல் சிறிது சிறிதாகத் திருப்பி வண்டியை நேராகவே கொண்டுபோவார். பயணிகளுக்கு எதுவும் தெரியாது. சாலையில் கோடு போட்டு அளந்தாலும் வண்டி விலகியிராது. குறை தெரிவது மாலையில் அவருடைய தோள்வலியில்தான். வெளியிலிருந்து அளக்கும் எந்தக் கருவியும் இதைக் காட்டிக் கொடுப்பதில்லை. திறமையான விமானி மோசமான விமானத்தின் குறையை மறைத்துவிடுகிறார் என்பதே இத்துறையின் மையச் சிக்கல். எனவேதான் எவ்வளவு துல்லியமாக ஓட்டினார் என்பதோடு, அதற்காக எவ்வளவு பாடுபட்டார் என்பதையும் கூப்பர்-ஹார்ப்பர் அளவுகோல் ஒரே எண்ணுக்குள் கொண்டுவர முயல்கிறது.

எண்ணுக்குப் பின்னால்

இந்த எண்களைக் கூட்டி வகுத்துச் சராசரி காண்பது சரிதானா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. 2க்கும் 3க்கும் இடையே உள்ள இடைவெளியும், 6க்கும் 7க்கும் இடையே உள்ள இடைவெளியும் ஒன்றல்ல. முன்னது விருப்பம் சார்ந்தது. பின்னதோ, பணியை முடிக்க முடிந்ததா இல்லையா என்ற கோட்டைத் தாண்டுவது. ஒரு விமானி 3 என்றும் மற்றொருவர் 7 என்றும் சொன்னால், சராசரி 5 என்று எழுதுவது இருவரும் சொல்லாத ஒன்றைச் சொல்வதாகும். இருவரும் ஏன் முரண்பட்டார்கள் என்று விசாரிப்பதே பயன் தரும். ஒருவர் தண்டை மென்மையாக அசைப்பவராகவும் மற்றவர் விரைந்து அசைப்பவராகவும் இருக்கலாம். அப்படியானால் வேகமான கைக்கு மட்டும் வெளிப்படும் ஒரு கோளாறு விமானத்தில் ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

கூப்பரும் ஹார்ப்பரும்கூட எண்ணை மட்டும் தனியே எடுத்துப் பயன்படுத்த வேண்டாம் என்றே வலியுறுத்தினர். விமானியின் விளக்கமே அடிப்படை, எண் அதன் சுருக்கம் மட்டுமே என்பது அவர்களின் நிலைப்பாடு. ஆனால் நிர்வாகக் கூட்டங்களுக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் எண்தான். அமெரிக்க இராணுவ விதிகள் சுமார் 3.5 வரை முதல் நிலை, 6.5 வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் மூன்றாம் நிலை என்று பிரித்தன. ஒரு விமானம் முதல் நிலையில் இருக்கிறதா இல்லையா என்பது ஒப்பந்தக்காரருக்குப் பணம் கிடைக்குமா என்பதையே தீர்மானிக்கும் நிலையில், 3க்கும் 4க்கும் இடையில் தயங்கும் விமானியின் மீது எவ்வளவு அழுத்தம் இருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

இதற்காகவே சோதனை விமானிகள் தனியாகப் பயிற்றுவிக்கப்படுகிறார்கள். பிரிட்டன் 1943ஆம் ஆண்டு இதற்கென உலகின் முதல் பள்ளியைத் தொடங்கியது. இந்திய விமானப்படையின் சோதனை விமானிகள் பள்ளி பெங்களூரில் உள்ளது. இத்தகைய பள்ளிகள் உலகிலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கின்றன. அங்கே துணிச்சலுக்குப் பாடம் இல்லை. தான் உணர்ந்ததைப் பிரித்துப் பார்த்து, பொறியாளருக்கு விளங்கும் சொற்களில், கூட்டாமல் குறைக்காமல் சொல்லும் பயிற்சியே முக்கியப் பாடம்.

தேஜஸ் கடந்து வந்த பாதை

தேஜஸ் விமானத்துக்கு இந்தக் கருத்தளவை இன்றியமையாததாக இருந்தது. காரணம், அது வேண்டுமென்றே நிலையற்றதாக வடிவமைக்கப்பட்டது. அதிவிரைவாகத் திரும்புவதற்காக இயல்பான நிலைத்தன்மை விட்டுக்கொடுக்கப்பட்டு, நான்கு தடங்கள் கொண்ட கணினி அமைப்பு அதைத் தொடர்ந்து தாங்கிப் பிடிக்கும்படி செய்யப்பட்டது. இத்தகைய விமானத்தில் தண்டுக்கும் இறக்கைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. விமானி தண்டின் வழியே வேண்டுகோள் விடுக்கிறார், மென்பொருள் முடிவெடுக்கிறது. ஆகவே ஓட்டும் உணர்வு என்பது முழுக்க முழுக்க மென்பொருள் எழுதியவர்களின் கையில் இருந்தது.

இந்த விதிகளை எழுதும் பொறுப்பு, பெங்களூரில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வுக்கூடங்களில் அமைக்கப்பட்ட தேசியக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. தரையில் இருந்த பாவனைக் கூடங்களில் விமானிகள் மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்த்துக் கருத்துச் சொல்ல, அதற்கேற்ப விதிகள் திருத்தப்பட்டன.

தரையில் உள்ள பாவனைக் கூடத்துக்கு ஓர் எல்லை உண்டு. அங்கே விழுந்தால் அடிபடாது, அது விமானிக்கும் தெரியும். எனவே கைகள் வேறு விதமாக நடந்துகொள்கின்றன. இக்குறையைப் போக்க, வேறொரு விமானத்தைப் போல நடிக்கும்படி மென்பொருளால் மாற்றத்தக்க விமானங்கள் உருவாக்கப்பட்டன. விஸ்டா என்ற பெயரில் மாற்றியமைக்கப்பட்ட அமெரிக்க எஃப்-16 விமானம் அவற்றில் ஒன்று. தேஜஸ் இன்னும் தரையிலேயே இருந்த 1996ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அதன் கட்டுப்பாட்டு விதிகள் இந்த விமானத்தில் ஏற்றப்பட்டு 33 முறை பறந்து சோதிக்கப்பட்டன.

இரண்டு ஆண்டுகளுக்குள் நிலைமை தலைகீழானது. 1998ஆம் ஆண்டு மே மாதம் இந்தியா அணுகுண்டுச் சோதனை நடத்தியதைத் தொடர்ந்து அமெரிக்கா தடை விதித்தது. கட்டுப்பாட்டு அமைப்பில் உதவிவந்த லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் பங்கு முடிவுக்கு வந்தது. எஞ்சிய பணி பெங்களூரிலேயே முடிக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் தேஜஸின் முதல் மாதிரியை வானில் ஏற்றி, சுமார் 18 நிமிடங்களுக்குப் பின் பத்திரமாகத் தரையிறக்கினார். நிலையற்ற விமானங்களின் முதல் பறப்புகளில் பிற நாடுகள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு, அசம்பாவிதம் இல்லாத அந்தப் பதினெட்டு நிமிடங்களின் அருமை தெரியும். முதல் பறப்புக்குப் பின் 23 ஆண்டுகள் வரை ஒரு தேஜஸ் விமானமும் விபத்தில் இழக்கப்படவில்லை. முதல் இழப்பு 2024 மார்ச் மாதம் ஜெய்சல்மர் அருகே நேர்ந்தது, விமானி குதித்து உயிர் தப்பினார். 2025 நவம்பரில் துபாய் விமானக் கண்காட்சியில் நேர்ந்த விபத்தில் விமானி உயிரிழந்தார்.

விளிம்பு எங்கே?

கருத்தளவையை நம்பியவர்கள் ஏமாந்த கதைகளும் உண்டு. 1977ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள், அமெரிக்காவின் விண்ணோடமான எண்டர்பிரைஸ் தன் ஐந்தாவது தனிப் பறப்பில் எட்வர்ட்ஸ் தளத்தின் ஓடுபாதையில் குறித்த இடத்தில் இறங்க முயன்றது. அதற்கு முந்தைய நான்கு முறையும் பரந்த உலர் ஏரிப் படுகையில் நிதானமாக இறங்கிய அதே ஓடம், இம்முறை தரையை நெருங்குகையில் மேலும் கீழும், இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. விமானி திருத்தத் திருத்த ஆட்டம் கூடியது. திருத்தத்தைக் கைவிட்டதும் அடங்கியது. தண்டை அசைப்பதற்கும் ஓடம் அசைவதற்கும் இடையே கணினியால் ஏற்பட்ட சிறு தாமதமே முக்கியக் காரணம். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம்கூட இறுக்கமான பணியில் எவ்வளவு கேடு செய்யும் என்பதை மறு ஆண்டே நாசா வேறொரு விமானத்தில் வேண்டுமென்றே தாமதத்தைப் புகுத்திச் சோதித்துக் காட்டியது.

ஸ்வீடனின் கிரிப்பன் போர் விமானம் 1989ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் தரையிறங்குகையில் விபத்துக்குள்ளானது. மென்பொருள் திருத்தப்பட்டது. 1993 ஆகஸ்ட் மாதம் ஸ்டாக்ஹோம் திருவிழாவில் பெருங்கூட்டத்தின் முன்னிலையில் மற்றொரு கிரிப்பன் விழுந்தது. கூட்டத்தில் எவரும் உயிரிழக்காதது நற்பேறு என்றே சொல்ல வேண்டும். இரண்டு முறையும் ஓட்டியவர் ஒரே விமானிதான், இரண்டு முறையும் அவர் பிழைத்தார். அவர் தண்டை அசைத்த வேகத்துக்கு இறக்கைப் பரப்புகளை அசைக்கும் கருவிகள் ஈடுகொடுக்கவில்லை.

இவ்விரு நிகழ்வுகளும் காட்டும் உண்மை ஒன்றே. நல்ல மதிப்பெண் பெற்ற விமானம், பணி சற்றே இறுகியதும் படிப்படியாக மோசமாகாமல், மலை விளிம்பிலிருந்து விழுவது போல ஒரே தாவலில் பத்துக்குப் போய்விடலாம். நிதானமான பணிகளைக் கொடுத்து எத்தனை விமானிகளிடம் கேட்டாலும் இந்த விளிம்பு தெரியாது. எனவே இன்றைய சோதனைகளில் விமானியை வேண்டுமென்றே நெருக்கடிக்குள் தள்ளும் பணிகள் சேர்க்கப்படுகின்றன. கப்பலில் இறங்குவது அத்தகைய பணிகளில் மிகக் கடுமையானது. தேஜஸின் கடற்படை வடிவம் 2020 ஜனவரி 11ஆம் நாள் விக்ரமாதித்யா கப்பலில் இறங்கியபோது, அதற்கு முன் கோவாவில் தரையில் அமைக்கப்பட்ட மாதிரித் தளத்தில் நீண்ட சோதனைகளைக் கடந்து வந்திருந்தது.

யாருடைய கருத்து?

சோதனை விமானி ஆயிரத்தில் ஒருவர். விமானத்தை வாழ்நாளெல்லாம் ஓட்டப் போகின்றவர் சராசரி விமானி. முன்னவரின் கருத்தைப் பின்னவருக்கு எப்படிப் பொருத்துவது என்ற கேள்விக்கு விலையாக 346 உயிர்கள் போயிருக்கின்றன.

போயிங் 737 மேக்ஸ் விமானத்தின் பெரிய இயந்திரங்கள் இறக்கைக்கு முன்பாகத் தள்ளிப் பொருத்தப்பட்டதால், மூக்கு மிக உயரும் நிலைகளில் தண்டின் விசை விதிகள் கோரும் அளவுக்குக் கூடவில்லை. கில்ரூத் காலத்திலிருந்தே வரும் அதே பழைய கை உணர்வுச் சிக்கல்தான். இதைச் சரிசெய்யவே எம்காஸ் என்ற மென்பொருள் சேர்க்கப்பட்டது. ஓர் உணர்கருவி பிழையான தகவல் தந்தபோது அதே மென்பொருள் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே அழுத்தியது. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் 189 பேரும், 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் 157 பேரும் உயிரிழந்தனர். இந்தோனேசிய விமானத்தின் தலைமை விமானி டெல்லியைச் சேர்ந்தவர்.

கோளாறு ஏற்பட்டால் விமானி உடனே இனங்கண்டு சில நொடிகளில் சரிசெய்துவிடுவார் என்று சான்றளிப்பின்போது கருதப்பட்டிருந்தது. ஒரே நேரத்தில் பல எச்சரிக்கை ஒலிகளும் அதிர்வுகளும் சேர்ந்து வரும் விமானி அறையில் அப்படி நடக்கும் என்று எதிர்பார்த்தது சரியல்ல என அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019 செப்டம்பரில் சுட்டிக்காட்டியது. விமானத்தை மீண்டும் பறக்க அனுமதிப்பதற்கு முன் 2020 செப்டம்பரில் லண்டன் கேட்விக்கில் நடந்த மதிப்பீட்டில், பல நாடுகளைச் சேர்ந்த, வெவ்வேறு அளவு அனுபவம் கொண்ட விமானிகள் பாவனைக் கூடத்தில் அமர்த்தப்பட்டனர். இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்பதைத் தவிர இதில் குறை காண இடமில்லை.

பயிற்சி விமானங்களில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அங்கே ஓட்டப் போகின்றவர் சராசரி விமானிகூட அல்ல, மாணவர். இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம், கிரண் பயிற்சி விமானத்துக்கு மாற்றாக உருவாக்கிய சிதாரா 2003 மார்ச் மாதம் முதன்முறை பறந்தது. சென்னைத் தாம்பரத்தில் உள்ள விமானப் பயிற்றுநர் பள்ளியில் நெடுங்காலம் பயன்பட்ட விமானம் கிரண். வேகம் குறைந்து இறக்கை தூக்கும் திறனை இழக்கும் தறுவாயில், பயிற்சி விமானத்தின் மூக்கு நேராகத் தாழ வேண்டும். சிதாராவோ ஒரு பக்கமாகப் புரண்டது. தேர்ந்த சோதனை விமானிக்கு அது சமாளிக்கக்கூடிய குறை. பதற்றத்தில் தண்டைத் தவறான பக்கம் தள்ளக்கூடிய பத்தொன்பது இருபது வயது மாணவருக்கு அப்படியல்ல. 2011 ஏப்ரலில் சிதாராவின் மாதிரி ஒன்று சோதனைப் பறப்பின்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் விழுந்தது. விமானிகள் இருவரும் குதித்து உயிர் தப்பினர்.

வாலும் சுக்கானும் மாற்றியமைக்கப்பட்டு, இடப்புறமும் வலப்புறமும் ஆறு சுற்றுகள் சுழன்று மீளும் திறனை அவ்விமானம் காட்டிவிட்டதாக நிறுவனம் 2022 ஜனவரியில் அறிவித்தது. முதல் பறப்புக்கும் அந்த அறிவிப்புக்கும் இடையே ஏறத்தாழ 19 ஆண்டுகள். 2025 பிப்ரவரியில் பெங்களூர் விமானக் கண்காட்சியில் மேம்படுத்தப்பட்ட வடிவத்துக்கு யஷஸ் என்று புதிய பெயர் சூட்டப்பட்டது.